தோள்பட்டை இறங்கி வந்த வழி

மாட்டுக்குக் காறை எலும்பு கிடையாது. நெஞ்செலும்பின் உச்சியிலிருந்து தோள் முனை வரை நமக்கு இரண்டு பக்கமும் தட்டுப்படுகிறதே, அந்த எலும்பு குதிரைக்கும் இல்லை. அதனால் அவற்றின் முன்னங்கால்களுக்கும் உடம்புக்கும் நடுவே எலும்போடு எலும்பு சேர்கிற மூட்டு ஒன்றுகூடக் கிடையாது. பக்கத்துக்கு ஒன்றாகத் தோள்பட்டை எலும்புகள் நிற்கின்றன. அவற்றிலிருந்து விலா எலும்புகளுக்குப் போகும் கனத்த தசை, அத்தனை பெரிய நெஞ்சுக்கூட்டையும் தூளியில் கிடத்திய பிள்ளையைத் தாங்குவதுபோல நடுவில் தாங்கிக்கொண்டிருக்கிறது. பார வண்டி இழுக்கிற மாட்டின் முன்பாதி எடை இந்தத் தசையில்தான் தொங்குகிறது.

அந்தத் தசை நமக்கும் இருக்கிறது. அக்குளுக்குக் கீழே விலாப் பக்கத்தில் ரம்பப் பல்லாகத் தெரியும். குத்துச்சண்டைக்காரர்கள் உடம்பில் தெளிவாகவே தெரியும். மருத்துவர்கள் செரேட்டஸ் ஆன்டீரியர் என்பார்கள். இரண்டு காலில் நிமிர்ந்து நிற்கிற நமக்கு உடம்பைத் தொங்கவிடும் வேலை அதற்கு இல்லை. நம் கைகள்தான் தோளிலிருந்து தொங்குகின்றன. ஆனால் தாழ்ந்த ஹேண்டில் பாரைப் பிடித்துக் குனிந்தவுடன் உள்ளங்கைகள் பாதமாகிவிடுகின்றன. மேலுடம்பின் எடையில் ஒரு பங்கு கை வழியாக ஏறித் தோளைக் காதுப் பக்கம் தள்ளுகிறது. நெஞ்சுக்கூடு இரண்டு பட்டை எலும்புகளுக்கும் நடுவில் தொய்கிறது. லட்சக்கணக்கான வருடங்களுக்கு முன் நம் வம்சம் விட்டுவிட்ட வேலையை அந்தத் தசை திடீரென்று மறுபடி செய்ய வேண்டியிருக்கிறது, அதுவும் மணிக்கணக்கில்.

கருவடிக்குப்பம் என்றால் புதுச்சேரிக்காரர்களுக்குப் பாரதியின் குயில் தோப்பு நினைவுக்கு வரும். சித்தானந்த சுவாமிகள் கோயில் நினைவுக்கு வரும். சைக்கிள்காரர்களுக்கு அது கிழக்குக் கடற்கரைச் சாலை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அந்தச் சாலையோரம் நின்றால் இரண்டு வகை முதுகுகளைப் பார்க்கலாம். ஒன்று நிமிர்ந்த முதுகு: கேரியரில் மீன் பெட்டியோ பால் கேனோ கட்டிய பழைய கறுப்பு சைக்கிள், சீட்டைவிட உயரமான ஹேண்டில் பார், எடை முழுக்க சீட்டின் மேல், கைகள் வெறுமனே திசை காட்டுவதற்கு. மற்றது படுத்த முதுகு: மெல்லிய டயர், ஹெல்மெட், சீட்டுக்கும் கீழே இறங்கிய ஹேண்டில் பார். கோட்டக்குப்பம், காலாப்பட்டு தாண்டி மரக்காணத்து உப்பளங்கள் வரை போய்த் திரும்புகிறவர்கள் இவர்கள். போகும்போது ஒன்றும் தெரியாது. வெயில் ஏறித் திரும்பும்போது கடல்காற்று எதிர்த்து நிற்கும். அதற்குத் தப்ப உடம்பை இன்னும் தாழ்த்துவார்கள். அப்போதுதான் பட்டை எலும்பின் உள்விளிம்பில், முதுகெலும்பை ஒட்டி, ஓர் இடம் சுடத் தொடங்கும். ஒரு விரலை வைத்துக் காட்டிவிடலாம், அவ்வளவு சின்ன இடம். ஆனால் சொந்தக் கையால் எட்டித் தேய்க்க முடியாத இடம்.

வாயுப் பிடிப்பு என்று வீட்டில் சொல்வார்கள். தைலம் தேய்ப்பார்கள். ஒத்தடம் கொடுத்தால் அன்றிரவு இதமாக இருக்கும். அடுத்த ஞாயிறு அதே கிலோமீட்டரில் அதே இடம் மறுபடி சுடும். இந்த வலி ஏன் இப்படி ஓரிடத்திலேயே வந்து உட்காருகிறது, ஏன் தேய்த்துப் போவதில்லை என்பதற்கான விடை, மனித உடம்பைப் பற்றி நான் படித்தவற்றில் மிகவும் வியக்க வைத்த கதைகளில் ஒன்று.

முதலில் அந்த எலும்பு. தோள்பட்டை எலும்பு மெல்லிய முக்கோணத் தகடு. முதுகுப் பக்கம் இரண்டாவது விலாவிலிருந்து ஏழாவது விலா வரை மூடிக் கிடக்கிறது. ஆனால் விலாக்களோடு அதற்கு மூட்டே இல்லை. நடுவில் தசை மட்டும். உடம்பின் அச்சு எலும்புகளோடு அதற்குள்ள ஒரே எலும்புத் தொடர்பு காறை எலும்பு வழியாகத்தான். மற்றபடி 17 தசைகள் பல திசைகளிலிருந்தும் இழுத்துப் பிடிக்க, அந்தத் தகடு மிதக்கிறது. மிதப்பதால்தான் கையை வானத்துக்குத் தூக்க முடிகிறது. அமெரிக்க ஆய்வாளர் வெர்ன் இன்மனும் அவருடைய சகாக்களும் 1944இல் இதை அளந்து எழுதினார்கள்: கையைப் பக்கவாட்டில் முழுவதும், அதாவது 180 பாகை உயர்த்தும்போது ஏறக்குறைய 120 பாகைதான் தோள் மூட்டில் நடக்கிறது, மீதி 60 பாகை தோள்பட்டை எலும்பு சுழன்று கொடுப்பது. இட்டலிப் பானையைப் பரணிலிருந்து இறக்கும்போதும், பேருந்தில் கம்பியைப் பிடிக்கும்போதும் இந்த எலும்பு முதுகில் சத்தமில்லாமல் வழுக்கிப் போகிறது. அசைவதற்காகவே அமைந்தது அது. சைக்கிளில் அதை மணிக்கணக்காக ஒரே நிலையில் பிடித்து நிறுத்துகிறோம். அசையாமல் இறுகி நிற்கிற தசை தனக்குள் ஓடும் ரத்தக்குழாய்களைத் தானே நெரித்துக்கொள்ளும். மிதிக்கிற தொடைத் தசை சுருங்கி விரிந்து ரத்தம் பெறுகிறது. பிடித்துக்கொண்டே இருக்கிற தோள் தசைக்கு அந்த வாய்ப்பில்லை.

அடுத்தது தலை. வளர்ந்த மனிதரின் தலை ஏறத்தாழ நாலரை முதல் ஐந்து கிலோ. நிமிர்ந்து உட்கார்ந்தால் அது கழுத்தெலும்புகளின் மேல் சமநிலையில் நிற்கும். குனிந்தால் முன்னால் தொங்கும். சாலையைப் பார்க்க அதைப் பின்னால் மடக்கித் தூக்கியாக வேண்டும். மாட்டுக்கும் குதிரைக்கும் இந்த வேலைக்கென்றே கழுத்தின் மேல்புறத்தில் தடித்த மீள்தன்மையுள்ள நார்ப்பட்டை ஒன்று உண்டு. தசை அதிகம் உழைக்காமலே தலையை அது தாங்கிவிடும். நமக்கு அந்த இடத்தில் இருப்பது மெல்லிய தடுப்பு மட்டுமே. ஆக, சைக்கிளில் குனிந்த மனிதர் நாலுகால் விலங்கின் நிலைக்குப் போகிறார், நாலுகால் விலங்கின் கருவிகள் இல்லாமல்.

இதன் எல்லையைக் காட்டிய ஒரு சம்பவம் சைக்கிள் உலகில் பெயராகவே நிலைத்துவிட்டது. அமெரிக்காவை மேற்கிலிருந்து கிழக்காக, சுமார் 4,800 கிலோமீட்டர், நில்லாமல் கடக்கும் ‘ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா’ பந்தயம் 1982இல் தொடங்கியது. மறுவருடம் அதில் ஓட்டிய மைக்கேல் ஷெர்மருக்குக் கழுத்துத் தசைகள் முற்றாகக் கைவிட்டன. தலையைத் தூக்கவே முடியவில்லை. அந்த நிலைக்கு இன்றும் ‘ஷெர்மர் கழுத்து’ என்றுதான் பெயர். பின்னாளில் அறிவியல் எழுத்தாளராகப் பெயர் பெற்றவரும் இவர்தான். 2017இல் அந்தப் பந்தயத்தைத் தனியாளாக முடித்த முதல் இந்தியர் ராணுவ மருத்துவர் ஸ்ரீநிவாஸ் கோகுல்நாத். அதே ஆண்டு நாக்பூர் மருத்துவர் அமித் சமர்த்தும் முடித்தார். காலின் பலம் மட்டும் போதுமென்றால் அந்தப் பந்தயத்தை இன்னும் எத்தனையோ பேர் முடித்திருப்பார்கள்.

நம் சாலையில் ஓட்டுகிறவர்கள் அந்த எல்லைக்குப் போவதில்லை. ஆனாலும் 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கும் ப்ரெவே சவாரிகள் இப்போது தமிழ்நாட்டிலும் நடக்கின்றன. அவற்றுக்குச் சான்று தருவது 1904இல் பிரான்சில் தோன்றிய ஆடாக்ஸ் குளுப் பாரிசியன். அதே மரபின் உச்சம் 1891இல் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ், 1,200 கிலோமீட்டர், 90 மணி நேரம். பதின்மூன்று மணி நேரம் தலையைப் பின்னால் மடக்கியிருக்கும் கழுத்து, பட்டை எலும்பின் ஓரத்தில் வலியாகப் பேசும்.

கழுத்து ஏன் அங்கே பேச வேண்டும்?

தாயின் வயிற்றில் கரு ஐந்தாவது வாரத்தில் இருக்கும்போது தோள்பட்டை எலும்பு முதுகில் உருவாவதில்லை. கழுத்துக்கு நேராக, நாலாவது முதல் ஆறாவது கழுத்தெலும்பு மட்டத்தில் உருவாகிறது. பிறகு அடுத்த சில வாரங்களில் மெல்ல மெல்லக் கீழே இறங்கி, ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரத்தில் விலாக்களின் மேல் வந்து அமர்கிறது. சில குழந்தைகளுக்கு இந்தப் பயணம் பாதியில் நின்றுவிடும்; ஒரு பக்கத் தோள்பட்டை எலும்பு கழுத்தருகிலேயே தங்கிவிடும். ஜெர்மன் அறுவை மருத்துவர் ஓட்டோ ஷ்ப்ரெங்கல் 1891இல் இதை விவரித்ததால் அந்தக் குறைக்கு அவர் பெயர். நம் மற்ற எல்லோருக்கும் எலும்பு இறங்கி முடிந்துவிட்டது. ஆனால் கழுத்தில் இருந்தபோதே அதன் தசைகளைப் பற்றிக்கொண்ட நரம்புகள் விடவில்லை. அவையும் நீண்டு கூடவே வந்தன. அதனால் முதுகின் நடுவில் கிடக்கிற இந்த எலும்பை அசைக்கும் தசைகளுக்கு நரம்பு வருவது முதுகிலிருந்து இல்லை, கழுத்திலிருந்து. பட்டை எலும்பைத் தூக்கும் தசைக்கு மூன்று முதல் ஐந்து வரையான கழுத்து நரம்புகள். முதுகெலும்போடு சேர்த்து இழுக்கும் தசைக்குப் பெரும்பாலும் ஐந்தாவது. முன்பு சொன்ன ரம்பப் பல் தசைக்கு ஐந்து, ஆறு, ஏழு. (உதரவிதானமும் இப்படிக் கழுத்திலிருந்து இறங்கியதுதான்; அதனால்தான் அதன் அடியில் கோளாறு என்றால் சில நேரம் தோளில் வலிக்கிறது.)

 இதனால் மூளை வலியின் முகவரியைக் குழப்பிக்கொள்கிறது. இதைக் கண்ணால் பார்ப்பதுபோல நிறுவிக் காட்டியவர் ஹோனலூலுவில் இருந்த ரால்ஃப் கிளோவார்ட். 1941இல் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டபோது தலைக்காயம் பட்டவர்களுக்கு அறுவை செய்த நரம்பியல் அறுவை மருத்துவர் அவர். 1959இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் சொன்னது இது: விழித்திருக்கும் நோயாளியின் கழுத்தில், எலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்கை ஊசியால் சீண்டினால், நோயாளி கழுத்தில் வலி என்று சொல்வதில்லை, பட்டை எலும்பின் உள்விளிம்பில் வலிக்கிறது என்கிறார். மேல் டிஸ்கைத் தொட்டால் விளிம்பின் மேல்பக்கம். கீழ் டிஸ்கைத் தொட்டால் எலும்பின் கீழ் முனைப் பக்கம். கழுத்தின் வரைபடம் அப்படியே முதுகில் விரிந்து கிடக்கிறது. பின்னர் 2006இல் ஜப்பானிய மருத்துவர்கள், கழுத்தில் நரம்பு நசுங்கியவர்களை ஆராய்ந்தபோது இன்னொன்றும் தெரிந்தது: கையிலும் விரலிலும் மரப்பு வருவதற்கு முன்பே பெரும்பாலானவர்களுக்குக் கழுத்திலோ பட்டை எலும்பிலோ வலி வந்திருந்தது.

சைக்கிள்காரருக்கு இதில் நேரடிச் செய்தி இருக்கிறது. கழுத்தைப் பின்னால் மடக்கும்போது நரம்புகள் வெளியேறும் துவாரங்கள் குறுகுகின்றன. டிஸ்கும் பின்பக்க மூட்டுகளும் அழுத்தம் வாங்குகின்றன. நாம் தைலம் தேய்க்கும் இடம் வலி தெரிகிற இடம். பல நேரங்களில் அது பிறக்கும் இடம் ஒரு சாண் மேலே.

எல்லா வலியும் கழுத்திலிருந்துதான் என்று சொல்லிவிடவும் கூடாது. வெறும் தசைக் களைப்பும் அதே இடத்தில்தான் சுடும். வீட்டிலேயே ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். சைக்கிளை விட்டு இறங்கி, தோளைச் சுழற்றினால் பத்து நிமிடத்தில் தணிந்துவிடும் வலி பெரும்பாலும் தசையினுடையது. தலையை வலிக்கும் பக்கம் சாய்த்து அண்ணாந்து பார்க்கும்போது கூடும் வலி, முழங்கை தாண்டி இறங்கும் வலி, விரல் மரத்துப்போவது, உள்ளங்கையைத் தலைமேல் வைத்துக்கொண்டால் குறைவது, இவை நரம்பைக் காட்டுகின்றன. நரம்பு வலிக்கும் பயப்பட வேண்டியதில்லை. பெரும்பாலோருக்கு அறுவை இல்லாமலே சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தணிகிறது. ஆனால் கையில் பலம் குறைந்தால், இரண்டு கைகளும் பொத்தான் போடத் தடுமாறினால், நடை தள்ளாடினால், சிறுநீர் அடக்குவதில் சிரமம் வந்தால் தண்டுவடம் அழுந்துகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

இன்னும் முக்கியமான ஒன்று. மிதிக்கும் வேகத்தோடு கூடி, நின்றால் குறைந்து, கழுத்தையோ தோளையோ அசைப்பதால் மாறாத முதுகு வலி இதயத்திலிருந்து வரக்கூடும். வியர்வையும் மூச்சுத் திணறலும் சேர்ந்தால் வாயு என்று சொல்லிச் சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள், ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட பின் வலது பட்டை எலும்பின் கீழே வரும் வலி பித்தப்பையினுடையதாக இருக்கலாம். புதுச்சேரியில் இருப்பவர்கள் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள். 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் தொடர்ச்சிதான் இன்றைய ஜிப்மர் மருத்துவமனை. அது இருக்கும் கோரிமேடு, கருவடிக்குப்பத்திலிருந்து சைக்கிளில் போகும் தூரம்தான்.

சலூனில் முடி வெட்டியதும் கழுத்தை வெடுக்கென்று திருப்பிச் சொடுக்கு எடுப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சத்தம் கேட்ட நொடியில் சுகமாக இருக்கும். ஆனால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உள்சுவர் அந்த வெடுக்கில் கிழிந்து பக்கவாதம் வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. அரிதுதான். ஆனால் அரை நிமிடச் சுகத்துக்கு அந்த விலை கொடுக்கத் தேவையில்லை.

குணமாவதற்கு முதல் வேலை சைக்கிளில்தான் ஆரம்பிக்கிறது. ஹேண்டில் பாரை உயர்த்துங்கள். பழைய வகை சைக்கிளில் மேலே உள்ள போல்ட்டைத் தளர்த்தித் தண்டை உயர்த்தலாம். தண்டில் போட்டிருக்கும் எல்லைக் கோடு வெளியே தெரியக் கூடாது. புதிய வகையில் கடைக்காரரிடம் குட்டையான, மேல்நோக்கிய ஸ்டெம் கேட்டு மாட்டிக்கொள்ளலாம். சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும், அதைக் கைகள் தடுத்துக்கொண்டே இருக்கும்; அதை மட்டமாக்குங்கள். முழங்கையைப் பூட்டாமல் லேசாக மடக்கி ஓட்டினால் ஒவ்வொரு வேகத்தடையின் அதிர்ச்சியும் தோளுக்குப் போகாது. டயரைக் கல்லாக அடிக்காதீர்கள். இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை: குனிந்து ஓட்டும்போது மூக்குக் கண்ணாடியின் மேல் விளிம்போ ஹெல்மெட்டின் முன்தொப்பியோ பார்வையை மறைத்தால், அதைத் தாண்டிப் பார்க்கக் கழுத்து இன்னும் மடங்கும். தொப்பியைக் கழற்றிவிடுங்கள், கண்ணாடியை மூக்கின் மேல் நன்றாக ஏற்றி வையுங்கள். லாஸ்பேட்டைக்குப் படிக்கப் போகிற பிள்ளைகள் புத்தகப் பையை முதுகில் போட்டுக்கொண்டு ஓட்டுவதைப் பார்க்கிறேன். பை கேரியரில் இருக்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு, பந்தய வண்டி மாதிரி இருக்கிறது என்பதற்காக, எட்டாத தூரத்தில் தாழ்ந்த ஹேண்டில் பார் வைத்த சைக்கிளை வாங்கிக் கொடுப்பது அவனுக்குச் செய்யும் உதவி இல்லை.

இரண்டாவது வேலை அந்தத் தூளித் தசைக்குப் பலம் கொடுப்பது. சுவருக்கு முன் ஒரு கை தூரத்தில் நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, புஷ்–அப் எடுங்கள். கை நீண்ட பிறகு நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் தள்ளுங்கள். பட்டை எலும்புகள் இரண்டும் விலகி முதுகு வட்டமாவது தெரியும். அந்தக் கடைசி இரண்டு அங்குலம்தான் ரம்பப் பல் தசையின் வேலை. சுவர் எளிதானபின் மேசை, பிறகு தரை. இதற்கு எதிர்த் திசையில், ரப்பர் பட்டையைச் சன்னல் கம்பியில் கட்டிப் பின்னால் இழுக்கும் பயிற்சி, பட்டை எலும்புகளைச் சேர்க்கும் தசைக்கு. கழுத்துக்கு, மல்லாந்து படுத்துத் தாடையை உள்ளிழுத்து, தலையைத் தரையிலிருந்து ஒரு விரல் அளவு தூக்கிச் சில நொடி நிறுத்துவது. மூன்றும் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் போதும். முதல் சில வாரங்களில் கிடைக்கும் பலம் நரம்பு கற்றுக்கொள்வதால் வருவது. தசை தடிக்க இரண்டு மாதமாவது ஆகும். அதற்குள் பொறுமையிழந்து விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

முழு ஓய்வை நான் பரிந்துரைக்க மாட்டேன். உடம்பு பழகிய வேலையை ஒரேயடியாக நிறுத்தினால் தசை தளர்கிறது, வலியைப் பற்றிய அச்சம் வளர்கிறது. வலி எந்த இடத்தில் தொடங்குகிறது என்று உங்களுக்குத் தெரியும். காலாப்பட்டில் தொடங்கினால் பெரிய முதலியார்சாவடியிலேயே திரும்புங்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கையை எடுத்துத் தோளைச் சுழற்றுங்கள், பிடியை மாற்றுங்கள். சவாரி முடிந்து மறுநாள் காலை வலி பழைய அளவுக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். வந்திருந்தால் அந்தத் தூரம் உங்கள் உடம்புக்குச் சரி. அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டலாம். வரவில்லையென்றால் குறையுங்கள். வாரம் முழுக்க லேப்டாப்புக்கும் கைப்பேசிக்கும் குனிந்திருந்த கழுத்தைத்தான் ஞாயிறு அன்று சைக்கிளிலும் மடக்குகிறோம் என்பதால், திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்துவதும் இந்தச் சிகிச்சையில் சேரும். குப்புறப் படுத்துத் தூங்குகிறவர்கள் அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். இரவு முழுக்கக் கழுத்து ஒரு பக்கம் முறுக்கிக் கிடக்கும் நிலை அது.

வரும் ஞாயிறு கிளம்புவதற்கு முன் ஒரு ஸ்பானரை எடுத்து ஹேண்டில் பாரை இரண்டு விரல் உயர்த்திப் பாருங்கள். ஆறு வாரம் பயிற்சியை விடாமல் செய்யுங்கள். அதன் பிறகும் அதே இடம் சுட்டால், முதுகைக் காட்டுவதோடு நிறுத்தாமல், கழுத்தையும் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.